கதிரை வேலை

12 ஓகஸ்ட் 1989, சனி

மாப்பிள்ளையின் படம் வந்துவிட்டது.

நாளைக்குப் பூசையில் கொடுத்தால் பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள் என்று சூசைப்பிள்ளை மாஸ்டர் வீட்டுக்கே கொண்டுவந்தார். கோவில் ஆட்களுக்குள் கலியாணம் பேசுகிறவர் அவர்தான். உறையை மேசையில் வைத்துவிட்டு, படத்தைத் தானே வரைந்தவர் போல, எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் பற்றிக். ஊர் பேசாலை. ஐந்து வருடமாக மெல்பனில். வேலை என்னவென்று அக்னெஸ் சித்தி கேட்டார்.

"எம்.சி.ஜி.யிலை," என்றார் மாஸ்டர். "கதிரை வேலை."

சித்திக்கு அது போதும். சி.ரி.பி., பி.டபிள்யூ.டி., சி.டபிள்யூ.ஈ. என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மூன்று எழுத்தென்றால் அரசாங்கம். கதிரையில் இருந்து பார்க்கிற வேலை என்றால் கந்தோர், மேசை, தலைக்கு மேலே காற்றாடி, கடைசியில் ஓய்வூதியம். மாஸ்டருக்கு இரண்டாவது தேநீர் ரின்பால் ஊற்றி வந்தது. ஹென்றி சித்தப்பா வாய்விட்டு யோசித்தார்: "எம் எண்டால் மினிஸ்ரி. ஜி எண்டால் கவுண்மேந்து. நடுவிலை நிக்கிற சீ தான் பிடிபடேல்லை." அவர் டோர்வல் விமான நிலையத்தில் விமானத்துச் சாப்பாட்டுத் தட்டுக் கழுவுகிறவர். வேலைக்கு வெளிக்கிடும்வரை அந்தச் சீயைத் தேடிக்கொண்டிருந்தார்.

படத்தில் இருக்கிறவருக்கு முழங்கால் வரை நீண்ட வெளிர்நிறக் கோட்டு. கோட்டின் தோள் அவருடைய தோளைவிட அகலம். இரவல். கோட்டை இரவல் வாங்கியவர் வேறு எதையெல்லாம் இரவல் வாங்கியிருப்பார்?

13 ஓகஸ்ட், ஞாயிறு

சித்தி, நத்தாருக்கு ஆயத்தமாகும் ஆகமன காலத்துக்கு முன் முடித்துவிட வேண்டும் என்கிறார். அது தொடங்கினால் கோவிலில் கலியாணம் வைக்கமாட்டார்களாம். அவசரம் யாருக்கு? குசினியில் சித்தப்பாவோடு குசுகுசுக்கிறார், நான் தண்ணீர் எடுக்கப் போனால் இருவரும் வெங்காய விலை பேசுகிறார்கள். என் அறை வேண்டுமாக்கும். சித்தப்பாவின் தம்பி குடும்பம் அமெரிக்க எல்லையில் வந்து நிற்பதாக ஒரு கதை அடிபடுகிறது.

எனக்கு இது ‘ஓம்’, ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போகும் விசயம் இல்லை. இங்கே மொன்ட்ரியாலுக்கு வந்து இரண்டு வருடம். அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும், பிறகு இந்தப் பக்கம் கதவு இல்லை என்று வழக்கறிஞர் தெளிவாகவே சொல்லிவிட்டார். போன இடத்தில் ஆள் சரியில்லை என்றால்? அம்மா இளவாலையில் இருக்கிறார், அங்கே திரும்பிப் போகவும் முடியாது.

தொழிற்சாலையில் என்னோடு தைத்த கிளி இப்படித்தான் ஜெர்மனிக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒருத்தியும் ஒரு பிள்ளையும் இருந்தார்கள். அவருடைய படமும் நல்ல படம்.

19 ஓகஸ்ட், சனி

முதல் ரெலிபோன். எங்களுக்குப் பின்னேரம், அவருக்கு ஞாயிறு காலை. சித்தி பக்கத்தில் இருந்து பயற்றங்காய் முறித்தார். இவ்வளவு மெதுவாக யாரும் பயற்றங்காய் முறிப்பதை நான் பார்த்ததில்லை.

என் குரல் போய் எனக்கே திரும்பி வந்தது. அதற்குப் பின்னால் அவருடைய குரல், களைத்த குரல். சனிக்கிழமைகளில் எடுக்க முடியாது, ‘மட்ச்’ இருக்கும் என்றார். எந்தக் கந்தோரில் சனிக்கிழமை மட்ச்?

பிறகு கேட்டார்: "நீங்கள் சனிக்கிழமையிலை லைப்ரறியிலை எல்லோ?"

நான் நூலகத்துக்குப் போவது உண்மை. ஆனால் அது நான் யாருக்கும் பெரிதாகச் சொல்லித் திரியாத விசயம். யார் சொன்னது என்று கேட்டேன். கேள்விப்பட்டதாகச் சொன்னார். அங்கே இப்போது எந்தப் புத்தகத்தை ஆட்கள் கூட எடுக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி. எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றேன். பிறகு "சரி, பேந்து எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

என்னைப் பார்த்துச் சொல்ல இந்த ஊரில் ஆள் வைத்திருக்கிறாரா?

21 ஓகஸ்ட், திங்கள்

மெற்றோ ரயிலில் ஒருவன் அட்வாட்டர் நிலையம் வரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். அல்லது கண்ணாடியில் தன்னைப் பார்த்தான்.

26 ஓகஸ்ட், சனி

நூலகம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் போய் இருந்தேன். கலைக்களஞ்சியத்தில் மெல்பன் என்ற பகுதியை எடுத்தேன்.

எம்.சி.ஜி. – மெல்பன் கிரிக்கெட் மைதானம்.

மைதானம். மினிஸ்ரியும் இல்லை, கவுண்மேந்தும் இல்லை. குளிர்காலத்தில் அங்கே அவர்களுடைய தனி வகைப் புட்போல் நடக்குமாம். செப்டெம்பர் முடிவில் இறுதி ஆட்டம், அந்த நாட்டுக்கே திருவிழா.

சித்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்றே முடிந்துவிடும். முடியட்டும் என்றுதானே நான் நினைக்கவேண்டும்? ஆனால் ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விட மனம் வரவில்லை. துப்பறியும் நாவல்களைக் கூட வாசித்துவிட்டேன் போல.

9 செப்டெம்பர், சனி

மீண்டும் எடுத்தார். வேலை எப்படிப் போகிறது என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"கதிரையளைப் பாக்கிறதுதானே. இப்ப சனம் கூட," என்றார்.

"கதிரையோ," என்று நான் திரும்பச் சொன்னேன். பக்கத்தில் சித்தியின் முகம் பூத்தது. அவர் இருக்கும்போது அதற்கு மேல் கிண்ட முடியவில்லை; பேச்சை விளையாட்டுக்கு மாற்றினேன். அதைப் பற்றி மட்டும் மனிதர் தடையில்லாமல் கதைக்கிறார். பந்து முட்டை வடிவம். ஒவ்வொரு முனையிலும் நாலு கம்பம், குறுக்குக் கம்பி இல்லை. நடு இரண்டு கம்பத்துக்குள்ளே அடித்தால் கோல், அதற்கு ஆறு. குறி தவறி நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையால் போனால் ஒன்று.

"தவறினாலும் குடுப்பினமோ?"

"ஓம். முயற்சி செய்ததுக்கு."

தவறினதற்குப் புள்ளி கொடுக்கிற விளையாட்டு உலகத்தில் எங்கே இருக்கிறது? இதையும் இவரே செய்து சொல்கிறாரோ என்று இருக்கிறது.

11 செப்டெம்பர், திங்கள்

மத்தியானச் சாப்பாட்டு நேரம் மீனாம்பிகையிடம் இதைப் பகிடியாகச் சொன்னேன். மட்டக்களப்பு ஆள், பக்கத்து மெஷினில் கைப்பட்டி தைக்கிறாள், நான் கொலர். வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"அப்ப நம்மளப் போல ஆக்களுக்கு ஏத்த விளையாட்டுத்தான், புள்ள. அந்த நாட்டிலயே அகதிக் கேஸ் போட்டிருக்கலாம்."

இங்கே விசாரணையில் ஒரு திகதி தவறினால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

16 செப்டெம்பர், சனி

அம்மாவின் கடிதம், யாரோ கொழும்புக்குக் கொண்டுவந்து போட்டது. "சித்தி சொன்னால் சரியாத்தான் இருக்கும். நீ விசாரிக்கிற பிள்ளை, விசாரி." அம்மாவுக்கு என்னைத் தெரியும்.

23 செப்டெம்பர், சனி

அடுத்த சனி இறுதி ஆட்டமாம். ஹோதோண், ஜிலோங் என்று இரண்டு கழகங்கள். முடிந்த மறுநாள் காலை எடுப்பதாகச் சொன்னார்.

முழுவதும் பார்ப்பீர்களா என்று கேட்டேன்.

"நான் அங்கைதானே நிப்பன்."

பார்ப்பேன் என்று சொல்லவில்லை. குறித்து வைக்கிறேன்.

என் திட்டம் இது. அவர் ஆட்டத்தைச் சொல்லட்டும். மெல்பன் பத்திரிகை நூலகத்துக்குக் கப்பலில் வருவது போலப் பிந்தி வரும். வந்ததும் ஒன்றொன்றாக ஒப்பிடுவேன். இவ்வளவு பெரிய ஆட்டத்தைப் பொய்யாகச் சொல்ல முடியாது.

29 செப்டெம்பர், வெள்ளி

நான் படுக்கிற நேரம் அங்கே தொடங்கிவிடும். எனக்கென்ன.

30 செப்டெம்பர், சனி

எடுத்தார். தொண்டை கட்டியிருந்தது. யார் வென்றார்கள் என்று நான் கேட்கவில்லை, எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்ல கேள்வி அது, ஆளைக் கதைக்க வைக்கும்.

"நான் மட்சைப் பாக்கேல்லை," என்றார்.

மூன்று கிழமையாகக் கட்டிய பொறி, அதற்குள் கால் வைக்காமல் தாண்டிப் போகிறார்.

அவர் விளக்கியது: அவர்கள் வேலை மைதானத்துக்கு முதுகைக் கொடுத்து நிற்பது. முகம் சனத்தின் பக்கம். யார் ஏறுகிறான், யார் விழுகிறான், யார் குடித்துவிட்டு அடிபடுகிறான் என்று பார்க்கவேண்டும். திரும்பினால் மேற்பார்வையாளன் ஏசுவான். தொண்ணூறாயிரத்துக்கு மேலே சனம், எல்லாரும் இவருக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்கிறார்கள்.

"அப்ப என்ன நடந்ததெண்டு எப்பிடித் தெரியும்?"

"முகத்திலை தெரியும்."

அவருக்கு முன்னால் ஒரு தாடிக்காரன், நீலமும் வெள்ளையும் போட்ட ஜிலோங் சால்வையோடு. தொடக்கத்தில் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு இருந்தானாம். மற்றவர்கள் எட்டாத தூரம் போய்விட்டார்கள். ஆனால் அந்த மற்றவர்களில் ஆள் மாறி ஆள் காயப்பட்டார்கள், உடைந்த உடம்போடும் விளையாடினார்கள். கடைசிக் கால்வாசியில் ஜிலோங் விரட்டி விரட்டி வந்தது. தாடிக்காரன் எழும்பினான், கதிரையில் ஏறினான், இவர் இறங்கச் சொல்லவேண்டும், சொல்லவில்லை. அவன் முகத்தில் ஒவ்வொரு கோலும் தெரிந்ததாம். பிறகு முடிவுச் சங்கு ஊதியது. சனம் கலைந்து, இவர்கள் குப்பை கூட்டத் தொடங்கியபிறகும் அவன் அப்படியே இருந்தான். எழும்பச் சொல்லப் போனபோது இவருடைய கையைப் பிடித்து, "நாங்கள் தோக்கேல்லை, நேரம்தான் காணாமல் போச்சு" என்றானாம்.

எத்தனை கோல் என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் இருபத்தொரு கோல். ஹோதோண் வெண்டது–"

தொடர்பு அறுந்துவிட்டது.

இரண்டு பக்கமும் இருபத்தொன்று. பிறகு ஒரு பக்கம் வென்றதாம். அகப்பட்டார்.

1 ஒக்டோபர், ஞாயிறு

கோவிலில் மனம் நிற்கவில்லை. யோசிக்க யோசிக்கத் தெளிவாகிறது. பார்க்கவே இல்லை என்று சொல்வது எவ்வளவு வசதி. அங்கே நின்றவனும் பார்க்கவில்லை என்று சொல்லலாம், அந்த ஊரிலேயே இல்லாதவனும் பார்க்கவில்லை என்று சொல்லலாம். தாடிக்காரன் நல்ல பாத்திரம். நாவலில் வந்தால் நம்பியிருப்பேன். கணக்கில்தான் மனிதர் சறுக்கிவிட்டார்.

ஏன் எனக்குச் சந்தோசமாக இல்லை? பிடித்துவிட்டேன்தானே.

7 ஒக்டோபர், சனி

ரெலிபோன் அடித்தபோது குளியலறைக்குள் போய்விட்டேன். சித்தி கதவைத் தட்டினார். பிறகு வந்து கேட்டார், என்ன கோவம் என்று. ஆள் பொய் சொல்கிறார் என்றேன். என்ன பொய்யாம்? இரண்டு பக்கமும் ஒரே அளவு கோல் அடித்தால் ஒரு பக்கம் எப்படி வெல்லும் என்று கேட்டேன். சித்தி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

10 ஒக்டோபர், செவ்வாய்

மீனாம்பிகையிடம் சொன்னேன். அவளாவது கணக்கைப் புரிந்துகொள்வாள் என்று.

அவள் மெஷினை நிறுத்தினாள். "தவறினதுக்கும் ஒண்டு எண்டு நீதானே சொன்னாய்?"

நான் கையிலிருந்த கொலரைக் கீழே வைத்தேன்.

"கோல் சமனெண்டா, தவறினது ஆருக்குக் கூடவோ அவன் வெண்டிருப்பான். உனக்குப் படிச்ச மண்டை, புள்ள. மறுகா ஏன் இப்பிடி?"

கொலர் ஒன்றை மறுபக்கம் தைத்துவிட்டேன். பிரித்தேன்.

14 ஒக்டோபர், சனி

பத்திரிகை வந்திருந்தது. விளையாட்டுப் பக்கத்தை நூலகத்தில் வேறு யாரும் தொட்டிருக்கவில்லை.

இரண்டு பக்கமும் இருபத்தொரு கோல். ஹோதோண் பதினெட்டு முறை தவறியது, ஜிலோங் பன்னிரண்டு முறை. ஆறு புள்ளியால் வெற்றி. அதாவது, கூடத் தவறினவர்கள் வென்றார்கள். காயங்களும் உண்மை. கடைசி விரட்டலும் உண்மை.

ஒரு படம் இருந்தது, ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் சனக்கூட்டம். எல்லைக்கோட்டோரம் இடைக்கிடை சில ஆட்கள். எல்லாருக்கும் முதுகு ஆட்டத்தின் பக்கம், முகம் சனத்தின் பக்கம். எல்லாரும் முழங்கால் வரை நீண்ட வெளிர்நிறக் கோட்டு. பெருவிரல் நகமளவு உருவங்கள். அவர் இருக்கிறாரா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோட்டு எனக்குத் தெரியும். இரவல் கோட்டு என்று எழுதினேனே.

பின்னேரம் சித்தியும் சித்தப்பாவும் மொன்ட்ரியால்-நோரில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போனார்கள். தலையிடி என்று நின்றுவிட்டேன். ரெலிபோன் அடிக்க முதலே பக்கத்தில் போய் இருந்தேன்.

பத்திரிகையில் பார்த்தேன் என்று நேரே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"சரிபாத்தனீங்களோ? நானும் உங்களைச் சரிபாத்தனான்," என்றார். "லைப்ரறியிலை வேலை செய்யிற பிள்ளைக்கு எந்தப் புத்தகம் போகுதெண்டு தெரியாதோ எண்டு அண்டைக்கு முழுக்க யோசிச்சனான்."

லைப்ரறியில் வேலையா? யார் சொன்னது? மாஸ்டர். மாஸ்டருக்கு யார் சொன்னது? சித்திதான் சொல்லியிருக்கவேண்டும், சனிக்கிழமையென்றால் அவள் லைப்ரறியிலைதான் என்று. அந்த ஆள் அதை உத்தியோகமாக்கி மெல்பனுக்கு அனுப்பியிருக்கிறார். என்னைப் பார்க்க யாரும் ஆள் வைக்கவில்லை.

"நான் தொழிற்சாலையிலை சேட்டுக் கொலர் தைக்கிறன்," என்றேன். பிறகு எம்.சி.ஜி., மினிஸ்ரி, கதிரை வேலை, ஓய்வூதியம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. மீண்டும் அறுந்துவிட்டதோ என்று பார்த்தால், மனிதர் மூச்சுவிட முடியாமல் சிரிக்கிறார். தான் கதிரை பார்ப்பது என்றுதான் சொன்னாராம், வேறொன்றும் சொல்லவில்லையாம். ஆட்களை இருத்துவது, காப்பது, போனபின் கீழே கூட்டுவது.

கிளியின் கதையைச் சொன்னேன். அது வரை யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு உங்களை இன்னும் நம்ப முடியாது என்றும் சொன்னேன்.

"நம்பவேண்டாம்," என்றார். "சந்தேகப்படுங்கோ. ஆனா என்னட்டைக் கேட்டுச் சந்தேகப்படுங்கோ."

கேட்டேன். "நீங்கள் இஞ்சை வருவியளோ? உங்களைக் கண்ணாலை கண்டாப்பிறகுதான் நான் என்ரை கேஸைக் கைவிடுற கடதாசியிலை கையெழுத்து வைப்பன். பிடிக்காட்டி நீங்கள் தனியத்தான் திரும்பவேண்டி வரும்."

அவர் யோசித்தார். யோசித்தது எனக்குப் பிடித்தது.

"சீசன் முடிஞ்சுது. கதிரையள் சும்மாதான் கிடக்கு. என்னட்டை இந்த நாட்டுப் பாஸ்போட் இருக்கு, வரலாம். அதையும் கொண்டுவந்து காட்டுறன். பாருங்கோ."

16 ஒக்டோபர், திங்கள்

பங்குச் சுவாமியிடம் போனேன், ஒருவருக்கும் சொல்லாமல். மூன்று ஞாயிறு கோவிலில் இருவர் பெயரையும் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்று கேட்பது வழக்கம். மெல்பன் பங்கில் இருந்து அவர் கலியாணம் கட்டாதவர் என்று கடிதம் வந்தால்தான் அதையும் செய்வாராம். வாசித்தபின்னும் நான் வேண்டாம் என்று சொல்லலாமாம். திருச்சபைகூட விசாரிக்காமல் நம்புவதில்லை. ஆறுதலாக இருந்தது.

29 ஒக்டோபர், ஞாயிறு

சித்தியிடம் சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். கசெற் முந்திவிட்டது.

பற்றிக் அனுப்பியது, இறுதி ஆட்டத்தின் வீடியோ. மேலே எம்.சி.ஜி. என்று எழுதியிருந்ததால், கந்தோரைப் படம் பிடித்து அனுப்பியிருப்பதாகச் சித்தி நினைத்துவிட்டார். பூசை முடிந்து மாஸ்டரையும் அழைத்து வந்து, கட்லற் பொரித்து, எல்லாரையும் இருத்திவிட்டு டெக்கில் போட்டார்.

அந்த நாட்டுக் கசெற் இந்த நாட்டு டெக்கில் ஓடாது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. திரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் உருண்டன. சத்தம் மட்டும் வந்தது, அதுவும் வேகம் கூடி. ஆயிரக்கணக்கான சனத்தின் கத்தல் பறவைக்கூட்டம் போலக் கீச்சிட்டது. சித்தப்பா டெக்கை ஒரு தட்டுத் தட்டினார். பறவைகள் தொடர்ந்தன.

"என்னடா இது, கந்தோருக்குள்ளை கோழிப்பண்ணையோ?" என்றார் சித்தி.

நான் சொன்னேன். அது மைதானம். அவர் கதிரைகளைப் பார்க்கிறவர், பிறகு கூட்டுகிறவர்.

கட்லற் தட்டு மேசைக்கு வரும் வழியில் நின்றது. மாஸ்டர் எழும்பி, தான் ஒரு சொல்லும் கூட்டவில்லை, அவன் கதிரை என்றான், நான் கதிரை என்றேன் என்று தொடங்கினார். லைப்ரறியைப் பற்றி நான் கேட்டதும் மறுபடி இருந்துவிட்டார்.

"என்ரை அக்கான்ரை பிள்ளையைக் குப்பை கூட்டிறவனுக்கோ?" என்றார் சித்தி. "இது சரிவராது. பெயர் வாசிக்கேக்கை நானே எழும்பிச் சொல்லுவன், பொய் சொல்லிக் கட்டுறான் எண்டு."

சித்தப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் என்னத்தைக் கழுவுறன், அக்னெஸ்?"

சித்தி கட்லற் தட்டைத் திரும்பக் குசினிக்கே கொண்டுபோனார்.

30 ஒக்டோபர், திங்கள்

சித்தி என்னோடு கதைக்கவில்லை. நான் தொழிற்சாலைக்குக் கட்டிக்கொண்டு போக வைக்கும் சோற்றை மட்டும் வழக்கம்போல வைத்திருந்தார், மீன்பொரியலோடு. என் அறை வேண்டும் என்றால் நேற்றே ஓம் என்று சொல்லியிருப்பார். எழுதியதை அடிக்கவில்லை. ஆனால் இதையும் எழுதி வைக்கிறேன்.

5 நவம்பர், ஞாயிறு

மெல்பன் கடிதம் வந்துவிட்டது. முதல் வாசிப்பு. சித்தி எழும்பவில்லை. கைப்பையைத் திறந்து திறந்து மூடினார்.

12 நவம்பர், ஞாயிறு

இரண்டாவது. தடை தெரிந்தவர்கள் என்று சுவாமி சொன்னபோது சித்தி தொண்டையைச் செருமினார். நான் தரையைப் பார்த்தேன். வெறும் செருமல். "இன்னும் ஒரு ஞாயிறு கிடக்கு," என்று பேருந்தில் சொன்னார், யன்னலுக்கு.

15 நவம்பர், புதன்

டோர்வலில் வந்து இறங்கினார். சித்தப்பா வேலைச் சட்டையோடேயே வாசலுக்கு வந்து அவருடைய பெட்டியை வாங்கினார். சித்தி வரவில்லை.

படத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் கட்டை. அதே கோட்டு. இந்தக் குளிருக்கு அது போதாது, உதடு நீலம். "இரவல் கோட்டெண்டு நினைச்சனான்," என்றேன், முதல் வார்த்தையாக. வேலைக் கோட்டு, பெரிய அளவுதான் மிஞ்சியிருந்தது என்றார். பிறகு, அந்த வாசலிலேயே, சனத்துக்கு நடுவில், பாஸ்போட்டை எடுத்து நீட்டினார்.

பார்த்தேன். எல்லாப் பக்கமும் பார்த்தேன். அவர் பொறுமையாக நின்றார். மாஸ்டர் வீட்டில் தங்க ஒழுங்கு.

17 நவம்பர், வெள்ளி

இன்றும் கேள்விகள் கேட்டேன். ஒன்றுக்கு "தெரியாது" என்றார், ஒன்றுக்கு "சொல்ல வெக்கமாக் கிடக்கு" என்றார், பிறகு சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன்.

வழக்கைக் கைவிடுவதற்கான வழக்கறிஞரின் கடதாசி இன்னும் மேசை லாச்சியில்தான். ஆனால் இன்று வெளியே எடுத்து வாசித்தேன்.

19 நவம்பர், ஞாயிறு

மூன்றாவது வாசிப்பு.

கோவிலின் நிலவறை மண்டபம் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளையைப் பார்க்க வந்த சனம். பற்றிக்கை முன்வரிசையில் இருத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. பிந்தி வந்த வயிற்றுப் பிள்ளைக்காரி அருளம்மாவைத் தன் கதிரையில் இருத்திவிட்டு, பின்சுவரோரம் போய் நிற்கிறார். நிற்பது மட்டும் இல்லை. யாருக்கு இடமில்லை, எங்கே ஒரு கதிரை கிடக்கிறது என்று கண் ஓடிக்கொண்டிருக்கிறது. சுவாமியை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. சித்தியும் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், நெடுநேரம்.

பெயர்கள் வாசிக்கப்பட்டன. பேசாலை, மெல்பன். இளவாலை, மொன்ட்ரியால். தடை ஏதும் தெரிந்தவர்கள்–

சித்தி எழும்பினார்.

சுவாமி கண்ணாடியைக் கழற்றினார். சித்தப்பா சித்தியின் சேலைத்தலைப்பைப் பிடிக்கக் கை நீட்டினார், எட்டவில்லை.

சித்தி ஒருவரையும் பார்க்காமல் நடுவழியால் பின்னுக்கு நடந்தார். சுவரில் சாத்தியிருந்த மடிப்புக் கதிரைகளில் ஒன்றை இழுத்து எடுத்தார். தூக்கிக்கொண்டு வந்து, தன் கதிரைக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, சேலைத்தலைப்பால் அதை ஒரு துடை துடைத்தார்.

"இஞ்சை வந்து இருங்கோ, தம்பி," என்றார், மண்டபம் முழுக்கக் கேட்க. "எவ்வளவு நேரம் நிப்பியள்?"

அவர் வந்தார். அதன் நுனியில் மட்டும் இருந்தார், இருந்து பழக்கம் இல்லாதவர் போல.